அந்திச் சூரியனும் பன்னிரண்டு படங்களும்

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, அடிவானத்தை மறைத்துக்கொண்டு கல்வராயன் மலைத்தொடர் நிற்கிறது. அது கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் ஒரு பகுதி. கோமுகி, மணிமுத்தா ஆறுகள் அங்கேதான் பிறக்கின்றன. மாலையில் சூரியன் அம்மலைக்குப் பின்னால் இறங்கும்போது வானம் பொன்னிறமாகிறது, பிறகு செந்நிறமாகிறது. கரும்பு வயல்களுக்கு மேலே மலையின் விளிம்பு கோடு கிழித்தாற்போல் தெரிகிறது.

இக்காட்சியைப் படமெடுக்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? ஆனால் எடுத்த படத்தைப் பார்த்தால் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சுகிறது. வெளிறிய வானம், அதில் கடுகளவு ஒரு வெள்ளைப் பொட்டு, கீழே கரிய பட்டை. கண்ணுக்குப் பெரிதாகவும் சிவப்பாகவும் தெரிந்த சூரியன் எங்கே போயிற்று? வயலும் பனைமரமும் எங்கே போயின?

காமிரா பொய் சொல்லவில்லை. கண்ணும் பொய் சொல்லவில்லை. இரண்டும் ஒளியை அளக்கும் இருவேறு கருவிகள். அளவு, நிறம், வெளிச்சம் ஆகிய மூன்றிலும் இவை வெவ்வேறு விதமாகக் கணக்கிடுகின்றன. இந்த வேறுபாட்டை அறிந்தவர், ஷட்டரை அழுத்துவதற்கு முன்பே படம் எப்படி வரும் என்று சொல்லிவிடலாம். அதற்கு வேண்டிய இயற்பியல் முழுவதும் உங்கள் பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது.

பெரிய பிலிம் எதற்கு?

இன்று எல்லார் கையிலும் கைப்பேசிக் காமிரா இருக்கிறது. அப்படியிருக்க, பிலிம் காமிராவைப் பற்றி ஏன் பேச வேண்டும்? கைப்பேசி பல படங்களை நொடிப் பொழுதில் எடுத்து, அவற்றைக் கலந்து, நிறத்தைத் திருத்தி, முடிவை மட்டும் நமக்குக் காட்டுகிறது. முடிவெடுப்பது அது; வேடிக்கை பார்ப்பது நாம். பிலிம் காமிராவில் எல்லா முடிவுகளையும் நாமே எடுக்க வேண்டும். ஆகவே கற்பதற்கு அது நல்ல கருவி.

நாம் இங்கே எடுத்துக்கொள்வது மீடியம் பார்மட் எனப்படும் நடுத்தர அளவுக் காமிரா. இதில் 120 என்ற எண்ணுள்ள படச்சுருளைப் போடவேண்டும். 1901-ஆம் ஆண்டில் கோடக் நிறுவனம் அறிமுகப்படுத்திய இந்தச் சுருள் இன்றும் தயாரிக்கப்படுகிறது. நம் நாட்டில் ஒரு காலத்தில் வீடுதோறும் காணப்பட்ட ஆக்பா கிளிக் 3 என்ற எளிய காமிராவும் இதே சுருளைத்தான் ஏற்றது. நம் உதகமண்டலத்தில் இருந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை, 1967-இல் உற்பத்தியைத் தொடங்கி, ‘இந்து’ என்ற பெயரில் பிலிம்களை விற்றது. அந்த ஆலை இப்போது இல்லை.

பழைய ஸ்டூடியோக்களின் அலமாரிகளில் இரட்டை லென்ஸ் காமிராக்களை நீங்கள் பார்த்திருக்கலாம். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு லென்ஸ்கள் இருக்கும். மேல் லென்ஸ் வழியே வரும் ஒளி, உள்ளே சாய்வாக வைத்த கண்ணாடியில் பட்டு, மேற்புறமுள்ள சொரசொரப்பான கண்ணாடித் தகட்டில் காட்சியை விழச்செய்கிறது. அதைக் குனிந்து பார்த்துக் காட்சியை அமைத்துக்கொள்கிறோம். கீழ் லென்ஸ்தான் பிலிமில் படத்தைப் பதிக்கிறது. ரோலிபிளெக்ஸ், யாஷிகாமேட் போன்றவை இவ்வகையைச் சேர்ந்தவை.

இவற்றில் ஒரு சுருளுக்கு 12 படங்கள். ஒவ்வொரு படமும் 6 செ.மீ. சதுரம் என்று பெயர். உண்மையில் பக்கத்துக்கு 56 மி.மீ. இருக்கும். பரப்பு 56 × 56 = 3,136 சதுர மி.மீ. சாதாரண 35 மி.மீ. பிலிமில் படத்தின் அளவு 24 × 36 = 864 சதுர மி.மீ. ஆகவே நடுத்தரப் பிலிமின் பரப்பு சுமார் 3.6 மடங்கு அதிகம்.

இதனால் என்ன பயன்? 28 செ.மீ. சதுரமான ஒரு படத்தை அச்சிட வேண்டுமானால், நடுத்தரப் பிலிமை 5 மடங்கு பெரிதாக்கினால் போதும். சிறிய பிலிமையோ ஏறத்தாழ 12 மடங்கு பெரிதாக்க வேண்டும். பிலிமில் படிந்துள்ள வெள்ளித் துகள்களும் அதே அளவு பெரிதாகும். மேகமற்ற அந்தி வானம், மெல்ல மெல்ல நிறம் மாறும் ஒரு வழவழப்பான பரப்பு. அங்கேதான் துகள்கள் மணல் தூவினாற்போல் முதலில் கண்ணில் படும். அந்திக் காட்சிக்குப் பெரிய பிலிம் ஏற்றது என்பதற்கு இதுவே காரணம்.

சூரியன் ஏன் கடுகானது?

சூரியனின் விட்டம் சுமார் 14 லட்சம் கி.மீ. நமக்கும் அதற்கும் உள்ள தொலைவு சுமார் 15 கோடி கி.மீ. வகுத்துப் பாருங்கள். தொலைவு, விட்டத்தைப் போல ஏறத்தாழ 107 மடங்கு. வடிவொத்த முக்கோணங்களைப் படித்தவர்களுக்கு அடுத்த படி எளிது. லென்ஸின் குவியத் தூரத்தை 107-ஆல் வகுத்தால், பிலிமில் விழும் சூரிய பிம்பத்தின் விட்டம் கிடைக்கும்.

இரட்டை லென்ஸ் காமிராவின் குவியத் தூரம் வழக்கமாக 75 அல்லது 80 மி.மீ. 80-ஐ 107-ஆல் வகுத்தால் 0.75 மி.மீ. வருகிறது. 56 மி.மீ. அகலமுள்ள படத்தில் முக்கால் மி.மீ. பொட்டு! படம் அவ்வளவு பெரிய காட்சியை அடக்கியிருக்கும்போது, சூரியன் கடுகாகத்தானே இருக்கும்?

அடிவானத்தில் சூரியன் பெரிதாகத் தெரிவது மனத்தின் மயக்கம். நண்பகலிலும் மாலையிலும் ஒரே லென்ஸால் எடுத்த படங்களில் சூரியனின் அகலம் ஒன்றே. உயரம் மட்டும், அடிவானத்துக்கு மிக அருகில், காற்றின் ஒளிவிலகலால் சற்றே அமுங்கியிருக்கும்.

சூரியனைப் பெரிதாகப் பதிவு செய்ய நீண்ட குவியத் தூரம் வேண்டும். நம் கொடைக்கானல் வானாய்வகம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அங்கே 1904-ஆம் ஆண்டு முதல் நாள்தோறும் சூரியனைப் படமெடுத்து வந்திருக்கிறார்கள். அத்தகடுகளில் சூரியனின் விட்டம் சுமார் 20 செ.மீ. நம் கணக்கின்படி, ஒற்றை லென்ஸால் அந்த அளவைப் பெற வேண்டுமானால் அதன் குவியத் தூரம் 21 மீட்டருக்கு மேல் இருக்கவேண்டும். அங்கே லென்ஸ் அமைப்புகளைக் கொண்டு பிம்பத்தைப் பெரிதாக்கி இதைச் சாதித்தார்கள்.

நம்மிடம் அவ்வளவு பெரிய கருவி இல்லை. ஆனால் வேறொரு வழி உண்டு. 15 மீட்டர் உயரமுள்ள பனைமரம் ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். அதன் அருகே நின்று எடுத்தால் மரம் பூதமாகவும், சூரியன் பொட்டாகவும் வரும். 15-ஐ 107-ஆல் பெருக்குங்கள், 1,605 மீட்டர். அதாவது, மரத்தை விட்டு 1.6 கி.மீ. தள்ளி நின்றால், மரமும் சூரியனும் ஒரே உயரமாகத் தெரியும்! லென்ஸ் எதுவானாலும் இந்த விகிதம் மாறாது. மரத்துக்கும் சூரியனுக்கும் உள்ள விகிதத்தை நாம் நிற்குமிடம் தீர்மானிக்கிறது. லென்ஸ் இரண்டையும் சேர்த்துப் பெரிதாக்குகிறது, அவ்வளவே.

சிவப்புச் சூரியனுக்கு எங்கே நிற்பது?

சூரிய ஒளி காற்றைக் கடக்கும்போது காற்றின் மூலக்கூறுகள் அதைச் சிதறடிக்கின்றன. அலைநீளம் குறைந்த நீல ஒளி அதிகமாகவும், அலைநீளம் மிகுந்த சிவப்பு ஒளி குறைவாகவும் சிதறும். அலைநீளத்தின் நான்காம் படிக்கு எதிர்விகிதத்தில் சிதறல் நிகழ்கிறது என்பதை ராலே பிரபு 1871-இல் விளக்கினார். 450 நானோமீட்டர் நீல ஒளியையும் 650 நானோமீட்டர் சிவப்பு ஒளியையும் ஒப்பிட்டால், நீலம் நான்கு மடங்குக்கும் அதிகமாகச் சிதறுகிறது.

தலைக்கு மேலுள்ள காற்றின் பருமனை ஒன்று என்று வைத்துக்கொள்வோம். சூரியன் அடிவானத்திலிருந்து 8 பாகை உயரத்தில் இருக்கும்போது, அதன் ஒளி ஏறத்தாழ 7 மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. 2 பாகை உயரத்தில் சுமார் 19 மடங்கு. அடிவானத்தைத் தொடும்போது சுமார் 38 மடங்கு. தூசியே இல்லாத தூய காற்றுக்குக் கணக்கிட்டால், 8 பாகையில் நூற்றில் 22 பங்கு நீலமும் 71 பங்கு சிவப்பும் நம்மை வந்தடையும். 2 பாகையிலோ நீலம் நூற்றில் 2 பங்குக்கும் குறைவு. சிவப்பு ஏறத்தாழ 40 பங்கு. எனவே கடைசி சில பாகைகளில்தான் சூரியன் உண்மையாகச் சிவக்கிறது.

இப்போது கல்வராயன் மலைக்கு வருவோம். மலை விளிம்பு சமவெளியிலிருந்து 700 மீட்டர் உயரம் என்று கொள்வோம். கள்ளக்குறிச்சி நகரின் பக்கம், விளிம்பிலிருந்து 20 கி.மீ. தள்ளி நிற்கும் ஒருவருக்கு அது 2 பாகை உயரத்தில் தெரியும். அவர் பார்க்கையில் சூரியன் மலையைத் தொடும்போதே நன்றாகச் சிவந்திருக்கும்.

மற்றொருவர், மலைக்கு அருகே போனால் படம் இன்னும் நன்றாக வரும் என்று எண்ணி, கச்சிராயபாளையத்தைக் கடந்து, கோமுகி அணையுள்ள அடிவாரத்துக்குச் செல்கிறார். அங்கே விளிம்பு 5 கி.மீ. தொலைவில் இருக்கிறது என்று கொண்டால், அது 8 பாகை உயரத்தில் நிற்கும். சூரியன் சிவப்பதற்கு முன்பே, மஞ்சளாகவும் கூச்சமாகவும் இருக்கும்போதே மலைக்குப் பின்னால் போய்விடும். எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் செஞ்சூரியன் அவருக்குக் கிடைக்காது!

நம் அட்சரேகையில் சூரியன் மணிக்கு 14 பாகைக்குச் சற்று அதிகமாக, கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்குகிறது. 2 பாகை இறங்க 8 நிமிடம். 8 பாகை இறங்க அரைமணிக்கும் சற்று அதிகம். ஆகவே பஞ்சாங்கத்தில் போட்டிருக்கும் அஸ்தமன நேரத்துக்கு 8 நிமிடம் முன்பாக நகரிலும், அரைமணிக்கு முன்பாக அடிவாரத்திலும் சூரியன் மறைந்துவிடும். அதனால் அடிவாரத்துக்குச் சென்றவர் வருந்த வேண்டியதில்லை. சூரியனை விட்டுவிட்டு, அணை நீரில் விழும் வானத்தின் நிறங்களை அவர் எடுக்கலாம். உண்மையான அஸ்தமனத்துக்குப் பிறகுதான் அவருடைய வேலை தொடங்குகிறது.

மூன்றாவதாக ஓர் இடமும் உண்டு. வெள்ளிமலைப் பக்கம் மலைமேல் ஏறி, மேற்கு நோக்கித் திறந்த ஓரிடத்தில் நின்றால், சித்தேரி, சேர்வராயன் மலைகளின் பக்கமாகச் சூரியன் மிகத் தாழ்வாக இறங்கும். அங்கே ஒன்றின்பின் ஒன்றாக மலையடுக்குகள் தெரியும். அருகிலுள்ளது கருமையாகவும், தொலைவிலுள்ளது வெளிறிய நீலமாகவும் இருக்கும். இடையிலுள்ள காற்று சிதறடிக்கும் ஒளி, தொலைவு கூடக் கூட அந்த மலைகளின்மேல் மெல்லிய திரையாகப் படிவதே இதற்குக் காரணம்.

காற்றிலுள்ள துகள்களின் அளவும் முக்கியம். மழை கழுவிய வானத்தில் நிறங்கள் தெளிவாக இருக்கும். புகையும் தூசியும் மிகுந்தால், பெரிய துகள்கள் எல்லா நிறங்களையும் ஒரேமாதிரி சிதறடிப்பதால் வானம் சாம்பல் பூத்துவிடும். துகள்கள் ஒரு குறிப்பிட்ட அளவில் ஒன்றுபோல் அமைந்துவிட்டால் விந்தையும் நிகழும். 1883 ஆகஸ்டில் கிரகத்தோவா எரிமலை வெடித்தது. அடுத்த மாதம் சென்னையில் சூரியன் பச்சையாகத் தெரிந்தது! சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர் மிச்சி ஸ்மித் அதை நிறமாலைக் கருவியால் ஆராய்ந்து எழுதினார்.

நிறத்தில் ஒரு சண்டை

அந்தி வெளிச்சத்தில் உங்கள் நண்பரின் வெள்ளைச் சட்டையைப் பாருங்கள். அது வெள்ளையாகவே தோன்றும். ஒளி சிவந்திருந்தாலும், மூளை அதைக் கழித்துவிட்டு ‘வெள்ளை’ என்றே சொல்கிறது. வண்ண பிலிம் அப்படிக் கழிக்காது. பகல் வெளிச்சத்தில் வெள்ளையை வெள்ளையாகக் காட்டும்படி அது ஆலையிலேயே அமைக்கப்பட்டுவிட்டது. ஆகவே மாலையில் சட்டை ஆரஞ்சு நிறமாகப் பதிகிறது. ‘இவ்வளவு சிவப்பாகவா இருந்தது?’ என்று நாம் வியப்பது இதனால்தான்.

கறுப்பு வெள்ளைப் பிலிமில் வேறொரு செய்தி இருக்கிறது. பழைய காலத்துப் பிலிம்கள் சிவப்பை உணராதவை. அதனால்தான் பழைய காமிராக்களின் முதுகில், படத்தின் எண்ணைப் பார்க்கச் சிவப்புக் கண்ணாடிச் சாளரம் வைத்தார்கள். அத்தகைய பிலிமில் செவ்வானம் கருத்துவிடும். இன்று பெரும்பாலும் கிடைக்கும் பான்குரோமேட்டிக் பிலிம்கள் எல்லா நிறங்களையும் உணர்பவை. எனவே பழைய காமிராவில் இவற்றைப் போடும்போது அந்தச் சாளரத்தை வெயில் படாமல் மறைத்துக்கொள்ள வேண்டும்.

வானமா, வயலா?

இனி வெளிச்சத்துக்கு வருவோம். இங்கேதான் படமெடுப்பவர் ஒன்றைப் பெற ஒன்றை இழக்க வேண்டியிருக்கிறது.

பிரகாசமான வானத்தைப் பார்க்கும்போது நம் கண்ணின் பாவை சுருங்குகிறது. நிழலான வயலைப் பார்க்கும்போது விரிகிறது. விழித்திரையும் தன் உணர்திறனை மாற்றிக்கொள்கிறது. இப்படிப் பகுதி பகுதியாகப் பார்த்ததை மூளை ஒரே காட்சியாகத் தைத்துவிடுகிறது. பிலிமுக்கு இந்த வசதி இல்லை. ஷட்டர் திறந்திருக்கும் அந்த ஒரு கணத்தில், வானத்துக்கும் வயலுக்கும் ஒரே துளை, ஒரே நேரம்.

புகைப்படக்காரர்கள் ஒளி இருமடங்காவதையோ பாதியாவதையோ ஒரு ‘ஸ்டாப்’ என்பார்கள். 5 ஸ்டாப் என்றால் 2-ஐ ஐந்துமுறை பெருக்கிக் கிடைக்கும் 32 மடங்கு. வண்ண ஸ்லைடு பிலிம் ஏறத்தாழ இவ்வளவு வேறுபாட்டைத்தான் தாங்கும். நெகடிவ் பிலிம் இன்னும் சில ஸ்டாப்புகள் அதிகம் தாங்கும். சூரியன் இறங்கும் வேளையில் வானத்துக்கும், மலையின் நிழலில் கிடக்கும் வயலுக்கும் உள்ள வேறுபாடு இதைத் தாண்டிவிடுகிறது. வானத்துக்குச் சரியாக அளந்தால் வயல் கரியாகும். வயலுக்குச் சரியாக அளந்தால் வானம் வெளுத்துவிடும்.

ஒளிமானியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினாலும் ஆபத்துதான். எதைக் காட்டினாலும், அது 18 விழுக்காடு ஒளியைப் பிரதிபலிக்கும் சாம்பல் நிறப் பரப்பு என்றே ஒளிமானி எடுத்துக்கொள்ளும். சூரியனை நேரே காட்டினால், ‘வெளிச்சம் மிக அதிகம்’ என்று சொல்லிவிடும். படம் முழுதும் இருண்டுபோகும். ஆகவே சூரியனுக்குப் பக்கவாட்டில், சற்றுத் தள்ளியுள்ள வானத்தை அளப்பதே முறை.

இச்சிக்கலுக்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, வயலை இழக்கச் சம்மதிப்பது. மலை விளிம்பும் பனைமரமும் நிழலுருவமாக நிற்கும். அப்போது அவற்றின் வெளிக்கோடு அழகாக இருக்கவேண்டும். இரண்டாவது, மேல்பாதி சாம்பல் நிறமும் கீழ்ப்பாதி தெளிவுமாக உள்ள வடிகட்டியை லென்ஸின் முன் வைத்து, வானத்தின் ஒளியை மட்டும் நாலில் ஒன்றாகவோ எட்டில் ஒன்றாகவோ குறைப்பது. இரட்டை லென்ஸ் காமிராவில் இதை முதலில் மேல் லென்ஸில் வைத்து எல்லைக்கோட்டைச் சரிபார்த்துவிட்டு, பிறகு அதே நிலையில் கீழ் லென்ஸுக்கு மாற்றவேண்டும். மூன்றாவது வழிக்குச் செலவே இல்லை. சூரியன் மறைந்தபின் சிறிது நேரம் காத்திருங்கள். மேற்கு வானம் மங்கும். தலைக்கு மேலுள்ள வானத்தின் மென்மையான ஒளி வயலின்மேல் படரும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு குறையும்.

மூன்று நிமிடக் கணக்கு

காத்திருக்கலாம், ஆனால் எவ்வளவு நேரம்? தெளிந்த வானத்தில், அஸ்தமன வேளையில் தரையில் விழும் ஒளி சுமார் 400 லக்ஸ். சூரியன் அடிவானத்துக்குக் கீழே 6 பாகை சென்றதும் அது 3 அல்லது 4 லக்ஸாகிவிடும். ஏறக்குறைய 7 ஸ்டாப் சரிவு! நம் பகுதியில் இதற்கு ஆகும் நேரம் சுமார் 21 நிமிடம். சராசரியாக மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை ஒளி பாதியாகிறது. தொடக்கத்தில் சற்று மெதுவாகவும், போகப் போக விரைவாகவும் குறையும். இலண்டன் போன்ற வடக்கு நகரங்களில் சூரியன் சாய்வாக இறங்குவதால், அங்கே அந்தி நம்மைவிட நீண்டது. நமக்கோ நேரம் குறைவு. கைவசம் உள்ள படங்களும் பன்னிரண்டே. திட்டமிட்டே தீரவேண்டும்.

ஐ.எஸ்.ஓ. 100 பிலிம், லென்ஸின் துளை எஃப் 8 என்று கொண்டால், வானத்துக்கு இப்படித் தொடங்கலாம். நேரத்தை உண்மையான அஸ்தமனத்திலிருந்து கணக்கிடுங்கள். மலைக்குப் பின் மறையும் நேரத்திலிருந்து அல்ல.

அஸ்தமனத்தின்போது: 1/60 வினாடி
3 நிமிடம் கழித்து: 1/30 வினாடி
6 நிமிடம் கழித்து: 1/15 வினாடி
9 நிமிடம் கழித்து: 1/8 வினாடி
12 நிமிடம் கழித்து: 1/4 வினாடி
15 நிமிடம் கழித்து: 1/2 வினாடி
18 நிமிடம் கழித்து: 1 வினாடி

இது தோராயமான வழிகாட்டியே. மேகமும் தூசியும் இதை மாற்றும். ஒளிமானி இருந்தால் அதனுடன் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். 1/30 வினாடிக்குமேல் போனால் கை நடுக்கம் படத்தில் தெரியும். முக்காலி கட்டாயம் வேண்டும்.

ஒரு வினாடியைத் தாண்டியதும் பிலிம் இன்னொரு குணத்தைக் காட்டும். பாதி ஒளிக்கு இருமடங்கு நேரம் என்ற நம் கணக்கு அங்கே பொய்த்துவிடும். பிலிமிலுள்ள வெள்ளி உப்புத் துகள் ஒன்று நிலையாகப் பதிவாக வேண்டுமானால், அதில் சில வெள்ளி அணுக்கள் ஒன்றுசேர வேண்டும். ஒற்றை அணு உறுதியற்றது. அடுத்தது வந்து சேருவதற்குள் அது மீண்டும் சிதைந்துவிடலாம். ஒளி மிக மெதுவாகச் சொட்டும்போது இப்படிப் பல முயற்சிகள் வீணாகின்றன. ஓட்டைப் பானையில் சொட்டுச் சொட்டாக நீர் ஊற்றினால் நிறையுமா? அதுபோலத்தான் இதுவும். விண்மீன்களைப் படமெடுத்த ஜெர்மானிய வானியலாளர் கார்ல் சுவார்ட்ஸ்சில்டு, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதற்கு ஒரு கணித விதியைக் கண்டார். கணக்கு 10 வினாடி என்று சொன்னால், சில பிலிம்களுக்கு 20 வினாடியோ அதற்கு மேலுமோ தேவைப்படும். ஒவ்வொரு பிலிமுக்கும் தயாரிப்பாளர் தரும் அட்டவணையைப் பார்த்துக்கொள்வது நல்லது.

கண் எச்சரிக்கை

தொலைநோக்கி, இருகண் நோக்கி, ஒற்றை லென்ஸ் ரிஃப்ளெக்ஸ் காமிரா ஆகியவற்றின் வழியாகச் சூரியனை ஒருபோதும் நேரே பார்க்காதீர்கள். லென்ஸ் சூரிய வெப்பத்தை விழித்திரையில் குவித்துவிடும். வலி தெரியாமலேயே பார்வை போய்விடலாம். சூரியன் சிவந்து மங்கலாகத் தெரிந்தாலும், கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர்கள் வந்துகொண்டுதான் இருக்கும். இரட்டை லென்ஸ் காமிராவில் நாம் பார்ப்பது கண்ணாடித் தகட்டில் விழுந்த பிம்பம். இருந்தாலும் சூரியன் உயரமாக இருக்கும்போது அதையும் உற்றுநோக்க வேண்டாம்.

செய்து பாருங்கள்

1. பௌர்ணமி நிலவை எடுத்துக்கொள்ளுங்கள். நிலவின் கோண அளவும் சூரியனுடையதும் ஏறத்தாழ ஒன்றே. கையை முழுதும் நீட்டி, ஒரு பட்டாணியை நிலவுக்கு நேரே பிடியுங்கள். நிலவு எழும்போதும், உச்சிக்கு வந்தபோதும் பட்டாணி அதை மறைக்கிறதா என்று பாருங்கள். எழும் நிலவு உண்மையிலேயே பெரிதா?

2. கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்தினால் அதன் அகலம் சுமார் 2 பாகை. உங்கள் ஊரிலிருந்து மலை விளிம்பு எத்தனை விரல் உயரம் என்று அளங்கள். ஒரு விரலுக்கு 8 நிமிடம் என்று கணக்கிட்டு, சூரியன் மலைக்குப் பின் மறையும் நேரத்தை முன்கூட்டியே எழுதி வையுங்கள். பிறகு கடிகாரத்துடன் ஒப்பிடுங்கள்.

3. மலையின் வெளிக்கோட்டை ஒரு நீண்ட தாளில் வரைந்துகொள்ளுங்கள். வாரம் ஒருமுறை, ஒரே இடத்தில் நின்று, சூரியன் மறைந்த இடத்தைத் தேதியுடன் குறியுங்கள். மார்ச், செப்டம்பர் மாதங்களில் அந்த இடம் நாளொன்றுக்கு ஏறத்தாழ சூரியனின் விட்டத்தில் முக்கால் பங்கு நகரும். ஜூனில் மேற்கிலிருந்து சுமார் 24 பாகை வடக்கேயும், டிசம்பரில் அதே அளவு தெற்கேயும் சென்று திரும்பும். நீங்கள் விரும்பும் சிகரத்தின் பின்னே சூரியன் மறையும் நாளை இப்படத்திலிருந்தே கண்டுபிடிக்கலாம்.

4. பிலிமின் விலை ஒருவருக்கு அதிகமாகலாம். பன்னிரண்டு மாணவர் சேர்ந்து ஒரு சுருள் வாங்குங்கள். ஆளுக்கு ஒரு படம். ஒவ்வொருவரும் எடுப்பதற்கு முன்பே, ‘வானம் எப்படி வரும், வயல் எப்படி வரும், சூரியன் எத்தனை மி.மீ. இருக்கும்’ என்று குறிப்பேட்டில் எழுதவேண்டும். தேதி, நேரம், நின்ற இடம், துளை, ஷட்டர் வேகம் ஆகியவற்றையும் எழுதுங்கள். பிலிமை உருத்துலக்கிய பிறகு, நெகடிவை அளவுகோலுடன் வைத்துச் சரிபாருங்கள்.

கொடைக்கானலில் நூறாண்டுக்கு முன் எடுத்த தகடுகள் இப்போது கணிப்பொறியில் ஏற்றப்பட்டு, சூரியப் புள்ளிகளின் நீண்ட கால வரலாற்றை அறியப் பயன்படுகின்றன. அவற்றை எடுத்தவர்கள் ஒவ்வொரு தகட்டுடனும் நாளையும் நேரத்தையும் பொறுமையாகக் குறித்து வைத்தார்கள். குறிப்பு இல்லாத படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை வைத்து எதையும் கணக்கிட முடியாது. உங்கள் பன்னிரண்டு படங்களுக்கும் குறிப்பேடு தவறாமல் இருக்கட்டும்.